கேள்வி-பதில்: விலை குறைந்த துப்பாக்கி போதுமா?

காரைக்குடி பக்கத்துல, மடாலயம் இருக்கிற கோவிலூர்ல இருந்து பேசறேன். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். சென்னையில வேலை பார்க்கிற ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கார்: "அண்ணே, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கண்மாய்ப் பக்கம் கொக்கு, கௌதாரி அடிக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல விலை குறைவா ஒரு ஏர் கன் பார்த்தேன். அது போதுமா, இல்ல காசு சேர்த்து நல்லதா வாங்கணுமா?"

கேள்வி ரெண்டு பகுதியா இருக்கு. முதல்ல விலையைப் பார்ப்போம்.

நம்ம சிவகங்கைச் சீமையில வேட்டைக்கு ரொம்ப நாள் இருந்த ஆயுதம் வளரி. வளைஞ்ச ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். செலவுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனிப் படை அதிகாரி, 1795-ல சின்ன மருதுதான் தனக்கு வளரி வீசக் கத்துக்கொடுத்தார்னு எழுதி வெச்சிருக்கார். நூறு கஜத்துக்குள்ள குறி வைக்கலாம்னும் சொல்றார். அதே வெல்ஷ் 1801-ல மருது சகோதரர்களை எதிர்த்த படையில இருந்தார்ங்கிறது வேற கதை.

அடுத்து நாட்டுத் துப்பாக்கி. நரிக்குறவர்கள் தோள்ல மாட்டியிருப்பாங்களே, அது. குழலோட வாய் வழியா கருமருந்தைப் போட்டு, நாரையோ துணியையோ அடைச்சு, கம்பியால இடிச்சு, பால்ரஸ் குண்டைப் போடணும். ஒரு வெடி வெடிச்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரைஃபிள் குழலுக்கு உள்ளே சுருள் சுருளா வரி இருக்கும். குண்டு சுழன்றபடி நேராப் போறதுக்குக் காரணம் அதுதான். நாட்டுத் துப்பாக்கியில அந்த வரி கிடையாது. தூரத்துக் குறிக்கு உதவாது. ஆனா அவங்க தூரத்துல இருந்து சுடறவங்க இல்லையே! காத்து எந்தப் பக்கம், கௌதாரி எந்தப் புதர்ல அடையும்னு தெரிஞ்சு கிட்டப் போறவங்க. அவங்களுக்கு அது போதுமானதா இருந்தது.

ராஜாக்களும் துரைமார்களும் கையால செஞ்ச இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைஃபிள் வெச்சிருந்தாங்க. ஜவளகிரிக் காடுகள்ல ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில இருந்தது அமெரிக்கத் தொழிற்சாலையில வரிசையாகத் தயாரான வின்செஸ்டர் 1895. அதுவே அவருக்குப் போதுமானதா இருந்தது. ஆக, விலையைப் பற்றி மட்டும் கேட்டா பதில் சுலபம். எதை, எவ்வளவு கிட்டத்துல, யார் சுடறாங்கன்றதுதான் கணக்கு. கைப்பழக்கம் இல்லாதவர்கிட்ட விலை உயர்ந்த ரைஃபிள் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இப்ப ரெண்டாவது பகுதி. தம்பி, வேட்டைக்குப் போதுமான துப்பாக்கி இன்னைக்கு இந்தியாவுல கிடையாது. எந்த விலையிலயும் கிடையாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல்ல உரிமம் வாங்கி வேட்டையாட இடம் கொடுத்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்திடுச்சு. கொக்கு, கௌதாரி, முயல் எல்லாம் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. மாட்டினா மூணு வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 0.177 அளவுக்குள்ள, 20 ஜூலுக்கு மிகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்ங்கிறது உண்மை. ஆனா துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்னா, பறவையைச் சுடலாம்னு அர்த்தம் இல்லை. இந்த இடத்துலதான் நிறைய பேர் குழம்பறாங்க.

இன்னொண்ணும் யோசிங்க. வேட்டையே சோறா இருந்த நரிக்குறவர்களை இதே சட்டம் நிறுத்தச் சொன்னது. அவங்கள்ல நிறைய பேர் பஸ் ஸ்டாண்டுல பாசிமணி விக்கிற பிழைப்புக்கு வந்தாங்க. பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியிலதான். பசிக்கு அடிச்சவங்களே கைவிட்டதை, பொங்கல் லீவுல பொழுதுபோக்குக்குச் செய்ய நமக்கு என்ன நியாயம் இருக்கு?

அதோட, சின்ன ஏர் கன் குண்டு பல நேரம் பறவையை உடனே கொல்றதில்லை. இறக்கை உடைஞ்சு கருவேலம் புதருக்குள்ள போயி, ரெண்டு நாள் கிடந்து சாகும். பழைய வேட்டைக்காரங்க இதைத்தான் அசிங்கம்னு நினைப்பாங்க.

அப்போ ஏர் கன்னே வாங்கக் கூடாதா? தாராளமா வாங்குங்க, அட்டைக் குறிக்கு. கடலூர்ல பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் போட்டியில சுடறதும் இதே 0.177 அளவுதான். பழகறதுக்கு விலை குறைந்த துப்பாக்கியே போதும். முறையான ரேஞ்ச்ல, சொல்லிக்கொடுக்க ஆள் வெச்சுக் கத்துக்கோங்க.

பறவைதான் ஆசைன்னா, திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போங்க. 1977-ல இருந்து சரணாலயம். பறவைங்க பயந்துடும்னு கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே போடறதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைங்க மத்தாப்புச் சத்தம்கூட வேண்டாம்னு இருக்கும்போது, நாம கண்மாய்க் கரையில துப்பாக்கியோட நிக்கறது நல்லா இருக்குமா, சொல்லுங்க.

உங்க கேள்விகளைக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.