பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்



புரட்டாசி பிறந்துவிட்டால் பினாங்குத் தமிழர் வீடுகள் பலவற்றில் மீனும் இறைச்சியும் நின்றுவிடும். சனிக்கிழமை தோறும் பெருமாள் கோயில்களில் கூட்டம் நெரியும். வாழை இலையும் காய்கறியும் விலை ஏறும். கடல் கடந்து வந்தபோது மக்கள் இந்த விரதத்தைத் தவறாமல் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே மாதத்தைப் பற்றி முன்னோர் சொல்லிவைத்த பழமொழியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்பது அந்தப் பழமொழி. தமிழ்நாட்டு வயற்காட்டில் பிறந்த சொல்தான். இருந்தாலும் மலேசியாவின் செப்டம்பர் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வானிலை அறிக்கையை யாராலும் எழுத முடியாது.

குளிர் நாடுகளில் செப்டம்பர் என்றால் இலையுதிர்காலம் தொடங்குகிறது. மரத்தின் இலை நிறம் மாறும்போதே பருவம் மாறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே இலை நிறம் மாறுவதில்லை. மாறுவது காற்று. மே மாதக் கடைசியில் தொடங்கிய தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரில் தளர்ந்து போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில்தான் வந்து சேரும். இடைப்பட்ட வாரங்களில் எந்தக் காற்றுக்கும் ஆட்சி இல்லை. காலையில் சுள்ளென்று வெயில், பிற்பகலில் இடி மின்னலோடு மழை என்று வானம் நாளுக்கு இரண்டு வேடம் போடும். வானிலை ஆய்வுத் துறை இதனைப் பருவக்காற்று மாறும் காலம் என்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், எல்லா ஆண்டும் செப்டம்பர் ஒரே முகத்தோடு வருவதில்லை. 2019ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் கரிமண் நிலங்களும் எரிந்தன. தென்மேற்குக் காற்று அந்தப் புகையை அப்படியே அள்ளி வந்து தீபகற்பத்தின் மீதும் சரவாக்கின் மீதும் கொட்டியது. சரவாக்கின் ஸ்ரீ அமானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டியது. அது அபாயகரமான நிலை. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன; பினாங்குப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். மேகத்தில் இரசாயனம் தூவி மழை பெய்விக்க விமானங்கள் புறப்பட்டன. அதற்கும் முன்பு, 1997 செப்டம்பரில், சரவாக்கில் குறியீடு 800ஐயும் கடந்து அவசரகாலமே பிரகடனம் செய்யப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் செப்டம்பர், பொன்னுருகக் காய்ந்த செப்டம்பர்.

இனி மறுபக்கம். 2017 செப்டம்பர் 15, மலேசிய தினத்துக்கு முதல் நாள். பினாங்கில் பெய்த மழையில் ஜார்ஜ்டவுனின் தாழ்வான பகுதிகள் முழங்கால் அளவுக்கும் மேலே நீரில் நின்றன. 2024 செப்டம்பர் மத்தியில் வடமாநிலங்களில் புயற்காற்றோடு மழை அடித்தது. ஜார்ஜ்டவுனில் வேரோடு சாய்ந்த மரம் ஒன்று வாகனத்தின் மீது விழுந்ததில் சீன நாட்டுச் சுற்றுப்பயணிகள் இருவர் உயிரிழந்தார்கள். பக்கத்து மாநிலமான கெடாவில் ஆயிரக்கணக்கானோர் துயர் துடைப்பு மையங்களில் தஞ்சம் புகுந்தார்கள். நாட்டின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் மூடா சமவெளியில், வளர்த்த நெல் தண்ணீருக்குள் நிற்பதை உழவர்கள் வரப்பில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

2025இல் சபாவின் முறை. செப்டம்பர் நடுவில் கோத்தா கினபாலுவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிலம் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த ஆண்டு மலேசிய தினத்தின் தேசிய விழா நடந்த இடம் பட்டர்வொர்த். கடலுக்கு இந்தப் பக்கம் கொடி அசைந்த நாளில், அந்தப் பக்கம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஒரே மாதம். ஓர் ஆண்டு மழைக்கு ஏங்க வைக்கிறது. மற்றோர் ஆண்டு மழையாலேயே அடிக்கிறது. பசிபிக் பெருங்கடலின் வெப்பமும் இந்தியப் பெருங்கடலின் வெப்பமும் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்து இது மாறும். எல் நினோ வலுக்கும் ஆண்டில் வறட்சியும் புகைமூட்டமும் கூடும். 2015இல் அப்படித்தான் செப்டம்பர், அக்டோபர் இரண்டும் புகைக்குள் கழிந்தன.

வெள்ளம் என்றதும் மலேசியாவில் எல்லார் மனத்திலும் தோன்றுவது டிசம்பர் மாதமும் கிழக்குக் கரையும்தான். அதில் தவறில்லை. கோத்தா பாருவில் நவம்பர், டிசம்பர் மழை மாதத்துக்கு 500 மில்லிமீட்டரைத் தாண்டும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களை மையமாக வைத்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த அடியின் பிறகு 2015இல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் உருவானது. படகு, கூடாரம், அரிசி, மருந்து என்று எல்லாத் தயாரிப்பும் வடகிழக்குப் பருவக்காற்றின் நாள்காட்டியைப் பார்த்தே நடக்கின்றன.

பினாங்கின் நாள்காட்டியோ வேறு. பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரியைப் பார்த்தால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு 70 மில்லிமீட்டர் அளவே மழை. செப்டம்பரில் அது ஏறத்தாழ 350. அக்டோபரில் இன்னும் கொஞ்சம் அதிகம். டிசம்பரில் மீண்டும் இறங்கிவிடுகிறது. கிழக்குக் கரைக்காரர் குடை தேடும் மாதத்தில் பினாங்குக்காரர் குடையை மடித்து வைக்கிறார். நடுவில் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் வடகிழக்குக் காற்றின் மழையைத் தடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு இது. அப்படியானால், நவம்பரில் ஆயத்தமாவது பினாங்குக்கு எப்படிப் பொருந்தும்? தேர்வு முடிந்த பிறகு பாடப் புத்தகத்தைத் திறப்பது போலத்தான் அது.

இந்த மாதங்களில் வரும் மழையின் தன்மையும் தனி. விடியற்காலையில் மேற்கு வானம் கறுத்து, குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று வீசி, பின்னாலேயே மழை கொட்டுவதைக் கடலோரத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். ‘சுமத்ரா’ என்று மாலுமிகள் பெயரிட்ட சூறைக்காற்று அது. இரவில் சுமத்ரா தீவின் மலைகளிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகி விடியும் வேளையில் கரை ஏறும். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் தெலுக் பாஹாங்கிலிருந்து சிறிய படகில் வலை போடப் போனவருக்கு அந்த ஒரு மணி நேரமே போதும்.

இன்னொன்று, வெகுதொலைவில் வீசும் புயலின் வால். பினாங்கைப் புயல் நேரடியாகத் தாக்குவது அரிது. இருந்தும் தென்சீனக் கடலில் ஒரு புயல் சுழன்றால், அது நீரிணையின் ஈரக்காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த ஈரம் போகிற வழியில் வடமாநிலங்களின் மலைகளில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. 2024 செப்டம்பரில் கெடாவும் பினாங்கும் நனைந்த அதே நாட்களில்தான் சூலிக் என்ற புயல் வியட்நாமை நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் வியட்நாம் செய்தி வந்தால் ‘அது அங்கே’ என்று சேனலை மாற்றிவிடுவது பலருக்கும் வழக்கம். இந்த மாதங்களில் மட்டும் மாற்றாமல் இருக்கலாம்.

வானத்திலிருந்து விழும் வரைதான் அது மழை. விழுந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் வெள்ளமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. பினாங்குத் தீவின் நடுவில் மலை, கிழக்கே சிறு சமவெளி, அதில்தான் நகரம். ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து வரும் ஆறு, தொண்டாங் ஆறு, தண்ணீர்மலை அருவியிலிருந்து தாவரவியல் பூங்கா வழியாக இறங்கும் நீரோடை ஆகிய எல்லாம் சுங்கை பினாங்கில் சேர்ந்து ஜெலுத்தோங் பக்கம் கடலில் கலக்கின்றன. தண்ணீர்மலை முருகனை வணங்கிவிட்டுப் படி இறங்குகிற பக்தர்களில் எத்தனை பேருக்கு, அங்கே சலசலக்கும் அதே நீர்தான் கீழே ஜாலான் பி. ரம்லி வட்டாரத்தையும் கம்போங் மாக்காமையும் மிரட்டும் ஆற்றுக்குப் போகிறது என்று தெரியும்? மலையிலிருந்து நகருக்குத் தூரம் குறைவு. மேலே பெய்த மழை கீழே வந்து சேர நேரமும் குறைவு. அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்துவிட்டால், ஆறு போக வழியில்லாமல் வீட்டுக்குள் வருகிறது.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு நடந்தது அதுதான். ஐப்பசிப் பௌர்ணமி நாள், கடல் உயர்ந்திருந்தது. இடைவிடாது பெய்த மழையில் தீவிலும் பெருநிலப் பகுதியிலும் நீர் ஏறியது. நள்ளிரவு கடந்து இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. 7 பேர் இறந்தார்கள். பினாங்கு மலைச் சாலை பல இடங்களில் சரிந்தது. செப்டம்பரில் ஒருமுறை எச்சரித்த வானம், ஏழு வாரம் கழித்து முழுக் கணக்கையும் தீர்த்தது.

இரண்டுக்கும் நடுவே அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமானப் பகுதியில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். மழையின் மீது பழியைப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம் அப்படி முடிக்கவில்லை. இது மனிதர் செயலால் விளைந்தது, தவிர்த்திருக்கக்கூடியது என்றே அது கண்டது. கடல் மட்டத்திலிருந்து 250 அடிக்கு மேலும், 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலத்திலும் கட்டடம் எழுப்பலாகாது என்று பினாங்கில் விதி இருக்கிறது. ‘சிறப்புத் திட்டம்’ என்ற விதிவிலக்கும் இருக்கிறது. விதிவிலக்கு எத்தனை முறை பயன்பட்டது என்று கேட்பது பொதுமக்களின் உரிமை. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பது அறிவியல். பழைய மழைக்குக் கட்டிய கால்வாயும் தடுப்புச்சுவரும் இனி வரும் மழைக்குப் போதுமா என்பதும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு, அது பெரிய செலவும் இல்லை. பிறப்புப் பத்திரம், நிலப்பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வைக்கலாம். மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டி வைக்கலாம். தனியே இருக்கும் தாத்தா பாட்டியை இரவில் யார் போய் அழைத்து வருவது என்பதை அண்டை வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சிறு வணிகர்களுக்கு இன்னும் அவசரம் அதிகம். தீபாவளிச் சரக்கு கடைக்கு வந்து இறங்குவது சரியாக இந்த வாரங்களில்தான். துணிமூட்டையும் பலகார மாவும் தரைத்தளத்தில் அடுக்கியிருக்கும்போது ஓரடித் தண்ணீர் வந்தாலும் ஓராண்டு இலாபம் போய்விடும். கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்கும் பழக்கம் மீனவருக்கு மட்டும் இருந்தால் போதாது. ஆற்றோரத்தில் கடை வைத்திருப்பவருக்கும் வேண்டும்.

இந்த மழையை வெறுத்துவிடவும் முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பினாங்கின் குழாய்நீரில் பெரும்பங்கு கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்று நீர். தீவில் ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகள் நிறைவது இந்த மழையில்தான். அடுத்து வரும் வறண்ட மாதங்களுக்கு அதுவே சேமிப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல்களில் குவளை குவளையாக வழங்கப்படும் நீர், புரட்டாசியிலும் ஐப்பசியிலும் பெய்ததாகவே இருக்கும்.

அந்தத் தைப்பூசக் காலத்தில் ஆறுகள் மெலிந்து, கால்வாய்களின் அடி தெரியும். தூர் வாரவும், சரிவுகளைச் சோதிக்கவும், சாலையோரத்துப் பழைய மரங்களின் வேரைப் பார்க்கவும் அதைவிட வசதியான மாதங்கள் பினாங்குக்கு இல்லை. ஆனால் அப்போது வெயில் நன்றாக அடிப்பதால் வெள்ளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாநகர் மன்றத்துக்கும் வடிகால், நீர்ப்பாசனத் துறைக்கும் தாமான்வாசிகள் கடிதம் எழுத வேண்டிய மாதம் ஜனவரி. வேலை நடந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டிய மாதம் ஆகஸ்டு.