வெளியார் சூட்டிய மணிமுடிகள்



ஒரு பக்கம் பைசாந்தியப் பேரரசும் மறுபக்கம் பாக்தாதின் கலீபா ஆட்சியும் நெருக்கிய மேட்டுநிலமாகிய ஆர்மீனியாவில், நக்கரார் எனப்படும் குலவழி நிலக்கிழார்கள் தத்தம் கோட்டைகளிலிருந்து ஆண்டுவர, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அரசர் என்று ஒருவர் இல்லாதிருந்த நிலையை மாற்றியவர் பாக்ரதுனி குலத்து அஷோத். 885-ஆம் ஆண்டையொட்டிக் கலீபா அவருக்கு மணிமுடி அனுப்ப, பைசாந்தியப் பேரரசர் முதலாம் பசிலும் தம் பங்குக்கு ஒன்றை அனுப்பினார். இரண்டையும் ஏற்றது அஷோத்தின் சாமர்த்தியமே. ஆயினும் வெளியார் தரும் முடியை அவர்கள் இன்னொருவர் தலையிலும் வைக்கக்கூடும் என்பது அவர் மகன் சிம்பாத் காலத்திலேயே தெரிந்துவிட்டது. நிலத்தகராறில் சிம்பாத்தோடு பிணங்கிய வாஸ்புரகான் நாட்டு ககிக் அர்த்ஸ்ருனிக்கு, அசர்பைஜானை ஆண்ட யூசுப் 908-இல் அரசப் பட்டம் அளித்தார். சில ஆண்டுகளில் சிம்பாத் அதே யூசுப்பின் சிறையில் வதைபட்டு மாண்டார். வான் ஏரியின் அக்தமார் தீவில் திருச்சிலுவைக் கோயிலைக் கட்டுவித்தவரும் இந்தக் ககிக்தான்; அதன் மேற்குச் சுவரில், கோயிலின் சிறுவடிவைக் கையிலேந்திக் கிறிஸ்துவிடம் அளிப்பவராக அவர் செதுக்கப்பட்டிருக்கிறார். சிற்பத்தின் அழகு அரசியலின் கறையைப் போக்கிவிடுவதில்லை.

961-இல் ஆனி நகரம் பாக்ரதுனி அரசின் தலைநகரானது. அங்குப் பேராலயத்தை வடிவமைத்த திரிதாத், 989-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியாக் குவிமாடத்தைச் செப்பனிட அழைக்கப்பட்டவர். பேரரசு தன் தலையாய ஆலயத்தைச் சீர்செய்ய அண்டை நாட்டுச் சிற்பியை நாடியது சிறிய செய்தியன்று. திரும்பிவந்து அவர் முடித்த ஆனிப் பேராலயத்தில், பல மெல்லிய தண்டுகளை ஒன்றாய்க் கட்டியது போன்ற தூண்களும் கூர்நுனி வளைவுகளும் பார்வையை மேல்நோக்கி இழுக்கின்றன.

அத்தகைய நகரம் முதலில் வாளுக்கு வீழவில்லை, ஓர் ஓலைக்கு வீழ்ந்தது. ஜார்ஜிய அரசரோடு சேர்ந்து பைசாந்தியத்தைப் பகைத்த ஆனி அரசர் ஹொவ்ஹானஸ்-சிம்பாத், பேரரசர் இரண்டாம் பசிலின் சினத்துக்கு அஞ்சி, தமக்குப்பின் ஆனி பேரரசுக்கே உரியது என்று எழுதிக்கொடுக்க, ஆர்மீனியத் திருச்சபையின் தலைமை ஆயராகிய கத்தோலிக்கோஸ் பெத்ரோஸ் 1022-ஐயொட்டி அதைத் திரபிசோந்தில் பேரரசரிடம் சேர்ப்பித்தார். பிற்பாடு அரியணையேறிய இளைஞர் இரண்டாம் ககிக்கைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வரவழைத்து, அரசுரிமையைத் துறக்கச் செய்து, 1045-இல் பைசாந்தியர் ஆனியை எடுத்துக்கொண்டனர். 1064-இல் செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்சலானிடம் அதை இழந்தனர்.

ஆர்மீனியாவிலிருந்து மேற்கே குடிபெயர்ந்தவர்கள் மத்தியதரைக் கடலோரச் சிலிசியாவில் அமைத்த அரசும் அதே வழியில் நடந்தது: 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெவோன், ஜெர்மானியப் பேரரசரிடமிருந்தும் பைசாந்தியரிடமிருந்தும் முடி பெற்றார். பின்வந்த முதலாம் ஹெதும் 1254-இல் மங்கோலியத் தலைநகர் காரகோரம்வரை நேரில் சென்று மோங்கே கானின் பாதுகாப்பைப் பெற்றார். அந்த உறவே எகிப்திய மம்லூக்குகளின் பகையைக் கொண்டுவந்தது. 1375-இல் சிலிசியத் தலைநகர் சிஸ் அவர்கள் வசமாக, கெய்ரோவில் சிறைப்பட்டு விடுதலையான கடைசி அரசர் லெவோன், 1393-இல் பாரிஸில் இறந்தார். ஆள்வதற்கு நாடில்லாத ஆர்மீனிய அரசர் என்ற பட்டத்தை உறவினரான சைப்பிரஸ் மன்னர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.