விடை கூறாத ஒரு திரைப்படம்

1960ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ஒரு படத்தைக் கண்டோர் கூச்சலிட்டும் நகைத்தும் அதனை இகழ்ந்தனர். இத்தாலிய நெறியாளர் அந்தோனியோனியின் 'லா அவ்வெந்துரா' என்பதே அப்படம். மறுநாளே ரொசெலினி முதலான கலைஞர்கள் அதனை ஆதரித்து அறிக்கை விடுத்தனர். நடுவர் குழுவின் பரிசும் அதற்குக் கிட்டியது.

கண்டோர் சினந்தது ஏன்? சிசிலிக்கு அண்மையிலுள்ள பாறைத் தீவொன்றில் அன்னா என்னும் பெண் காணாமற் போகிறாள். காதலன் சாண்ட்ரோவும் தோழி கிளோடியாவும் அவளைத் தேடுகின்றனர். இறந்தாளா, எங்கேனும் சென்றுவிட்டாளா? இறுதிவரை விடையில்லை. தேடப் புறப்பட்ட இருவரோ தமக்குள் காதல் கொள்கின்றனர்.

கட்டணம் செலுத்தியவன் முடிவொன்றை எதிர்பார்ப்பது நியாயந்தானே என்பீர்கள். ஆயினும், படம் பாதி கடந்தபின் நம் நெஞ்சைச் சற்றே சோதித்துப் பார்த்தல் வேண்டும். அன்னாவைப் பற்றிய கவலை நமக்கும் அற்றுப்போயிருக்கும். இவ்விருவரும் கூடுவரா என்பதே நம் ஆவலாகியிருக்கும். அவர்களைப் பழிக்க எழுந்த நா அடங்கிவிடுகிறது. நெறியாளர் வேண்டுமென்றே நம்மை இந்த இடத்திற் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

படம் நீளமானது, பொறுமையைச் சோதிப்பது. மறுக்கமாட்டேன். ஆனால், முடிவை நெருங்குகையில் கிளோடியா கூறுவதைக் கேளுங்கள். சில நாள்களுக்கு முன் தோழி இறந்திருப்பாளோ என்று துடித்தவள், இப்பொழுது அவள் உயிரோடிருப்பாளோ என்று அஞ்சுகிறாள். பார்த்திருக்கும் நாமும் அவளோடு சேர்ந்தே அஞ்சுகிறோம்.