பூட்டிய பட்டறையில் மின்சாரம்

தாராவியில் தோல் வேலை, தையல் முதலிய தொழில்கள் நடைபெறும் சிறு பட்டறைகள் பலவற்றில் மேற்பரணிலேயே தொழிலாளர் உறங்குகின்றனர். இறங்க ஓர் ஏணிதான் உண்டு. பட்டறையைப் பூட்டுபவர் பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பார். மின்விசையைப் பற்றிய கவலை அவருக்குப் பாதி வழியில்தான் எழும்.

மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். அறுந்த ஃபியூஸில் தடித்த செம்புக்கம்பியைக் கட்டுவோர் இதனை எண்ணுவதில்லை. தளர்ந்த இணைப்போ வழக்கமான மின்னோட்டத்திலேயே சூடேறும். சரியான ஃபியூஸும் அதனை அறியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்திற்கும் அது புலப்படாது.

முதன்மை விசையை அணைத்துவிடலாமே எனில், பரணில் விசிறி நின்றுவிடும். மும்பைப் புழுக்கத்தில் அது இயலாது. பரணுக்கும் பட்டறைக்கும் தனித்தனி விசை அமைப்பதே வழி. அச்செலவை ஏற்க வேண்டியவர் இடத்தின் உரிமையாளரா, வாடகைக்கு இருப்பவரா என்பதில்தான் காரியம் நிற்கிறது.