அடுப்பு பற்ற வைக்காத மாம்பழ கேக்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செய்து காட்டிப் பேசியது)



"சமையல்ல ஏதாவது புதுசா செஞ்சு காட்டு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் இன்றைக்கு சீஸ் கேக் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதீங்க. பேரில்தான் சீஸும் கேக்கும் இருக்கு. நான் செய்வதில் சீஸ் கிடையாது. பால், தயிர், முட்டை, மைதா எதுவும் கிடையாது. அடுப்பில் ஏற்றவும் வேண்டியதில்லை.

எங்க நாத்தனார் பையனுக்குப் பால் ஒத்துக்காது. ஒரு வாய் பால்கோவா தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். பிறந்தநாள் என்றால் மற்ற பிள்ளைகள் எல்லாம் கேக் தின்னும், இவன் மட்டும் கையில் ஒரு வாழைப்பழத்தோடு நிற்பான். போன வருஷம் அவனோட பிறந்தநாளுக்கே அப்படித்தான் நின்றான். அதைப் பார்த்த பிறகுதான் நான் இதைத் தேட ஆரம்பித்தேன்.

பால், முட்டை, தேன் என்று உயிர்களிடம் இருந்து கிடைக்கும் எதையும் சேர்க்காத சாப்பாட்டுக்கு வீகன் என்று பேர். 1944ல் இங்கிலாந்தில் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அந்தப் பேரைப் போட்டார்கள். அதைச் சமைக்காமலும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க அதிசயமா இருக்கும். ஆனால் அடுப்புக்குப் போகாத பலகாரம் நமக்கு என்ன புதுசா? ஆடி மாசம் மாரியம்மனுக்குப் போடுகிற மாவிளக்கு, ஊற வைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்ததுதானே? பழனி பஞ்சாமிர்தத்தையும் காய்ச்சுவது இல்லை. வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் பிசைந்தே செய்கிறார்கள். 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். அதில் நெய்யும் தேனும் இருப்பதால் வீகன்காரர்கள் சாப்பிட மாட்டார்கள், அது வேற விஷயம்.

இந்த கேக்கில் பாலுக்குப் பதில் வருவது முந்திரி. போர்த்துக்கீசியர்கள் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த மரம் இன்றைக்கு நம்ம மாவட்டத்து மரம் ஆகிவிட்டது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் தோப்பு தோப்பாக நிற்கிறது. நாமதான் கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போறோம், நம்ம வீட்டில் அது பாயசத்தில் நாலு பருப்பா மட்டும் வருது.

நான் பட்ட அவதியைச் சொல்லணும். போன்ல வீடியோ பார்த்தேன். பச்சை முந்திரி எடுத்துக்கோங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் பச்சை என்றால் மரத்தில் இருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். தெரிஞ்சவங்க தோப்பில் இருந்து ஒரு படி கொட்டை வாங்கிவந்து அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தேன். ஓட்டில் இருக்கிற பால் விரலெல்லாம் பட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கொப்புளம், அப்புறம் தோல் உரிந்தது. ஒரு வாரம் சோறு பிசைய முடியலை, ஸ்பூன்ல தின்னேன். முந்திரியும் மாவும் ஒரே குடும்பத்து மரம். மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகுதே, அதைவிடப் பல மடங்கு காரம் இது.

பிறகுதான் விசாரித்தேன். பண்ருட்டிப் பக்கம் கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக உடைக்கிறார்கள். கடையில் வெள்ளையாகப் பொட்டலத்தில் இருக்கிறதே, அதுதான் இந்த கேக்குக்கு உரிய பச்சை முந்திரி. வறுத்து உப்புப் போட்டது இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். அப்படிப் பார்த்தால் இது முழுக்கச் சமைக்காதது என்று சொல்ல முடியாது. நாட்டுச்சர்க்கரையும் காய்ச்சி எடுத்ததுதான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வீட்டில் யாரும் தோப்புக் கொட்டையில் கை வைக்க வேண்டாம், அதுதான் முக்கியம்.

இப்போ செய்முறை. முழுப்பருப்பு வாங்காதீங்க, அரைக்கத்தானே போறோம். உடைசல் கால் கிலோ போதும். நாலு மணி நேரம் ஊறணும். வெயில் காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் புளித்து வாடை வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அடித்தட்டுக்கு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 200 கிராம், துருவிய கொப்பரை ஒரு டம்ளர், ஊறாத முந்திரி உடைசல் ஒரு கைப்பிடி. மிக்சியில் விட்டு விட்டுத் திருப்பினால் கையில் பிடிக்கும் பதம் வரும். நம்மிடம் கேக் தட்டு எங்கே இருக்கு? அகலமான டிபன் டப்பா போதும். வாழையிலையை அனலில் வாட்டி, இரண்டு பட்டையாகக் கிழித்துக் குறுக்கும் நெடுக்கும் நுனி வெளியே தெரிகிற மாதிரி போட்டால் பிற்பாடு அப்படியே தூக்கி எடுக்கலாம். (அடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இலையை மட்டும் வாட்டச் சொல்கிறேன். வெயிலில் போட்டாலும் வாடிவிடும்.) அதன்மேல் பேரீச்சைக் கலவையை அழுத்திப் பரப்புங்கள்.

ஊறிய முந்திரியோடு கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர், நாட்டுச்சர்க்கரை அரை டம்ளர், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நைசாக அரைக்கணும். எலுமிச்சையை விட்டுவிடாதீங்க, சீஸ் புளிப்பு அதில்தான் வருது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறன்னு இருக்கக் கூடாது. மிக்சி சூடானால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். கடைசியில் கால் டம்ளர் தேங்காய் எண்ணெய். மார்கழியில் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்குதே, அந்த வேலையைத்தான் இங்கே ஃபிரிட்ஜில் செய்யப்போகிறது. முட்டையும் இல்லாமல், வேகவும் வைக்காமல் இது நிற்பதற்கு எண்ணெய்தான் காரணம். கலவையை ஊற்றி ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு மாம்பழச் சதையோடு பத்து ஊறிய முந்திரி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து, தண்ணீர் விடாமல் அரைத்து மேலே ஊற்றுங்கள். மறுபடி நாலு மணி நேரம். பலாச்சுளையிலும் செய்து பார்த்தேன், வாசனை தூக்குது. தர்பூசணி வேண்டாம், தண்ணீர் விட்டுக்கும்.

எனக்கு ஆன செலவு 430 ரூபாய், பதினாலு துண்டு வந்தது.

விற்கலாமா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். எண்ணெய் உருகினால் கேக்கும் உருகும். இந்த வருஷம் சித்திரையில் பிறந்தநாள் வந்தது. நான் கேக்கை வெளியே எடுத்து வைத்து, உறவெல்லாம் வந்து சேர்வதற்குள் கரண்டும் போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னாலேயே ஓரமெல்லாம் சரிந்து பாயசம் மாதிரி ஆயிடுச்சு. பிள்ளைகள் ஸ்பூனால் அள்ளித் தின்றன. அவனும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் தின்றான். வீட்டில் அது சந்தோஷம். காசு கொடுத்து வாங்கினவங்க சும்மா விடுவாங்களா? விற்பது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், கரண்ட் போனாலும் குளிர்ச்சி போகாத பெட்டி வேண்டும், முந்திரி இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்ட வேண்டும். பெட்டிக்குக் கடன் எடுப்பதா என்பதைக் குழுக் கூட்டத்தில் கணக்குப் போட்டுத்தான் பேசணும்.

காலையில் செய்துகொண்டு வந்தது அந்த ஐஸ் பெட்டியில் இருக்கு. முந்திரியோ வேற பருப்போ ஒத்துக்காதவங்க எடுக்காதீங்க, பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டுக் கொடுங்க. மத்தவங்க தட்டு எடுத்துட்டு சீக்கிரம் வாங்க, உருக ஆரம்பிச்சிடும்.