ஷாக் சிகிச்சையைக் குறித்துச் சபையார் கேட்கும் கேள்விகள்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூட்டத்தில் மனநலப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கண் அறுவையைப் பற்றியோ பிரசவப் பிரிவைப் பற்றியோ பேச ஒருவர் எழுந்தால் சபையார் மகிழ்ச்சியோடு கேட்பார்கள். மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "டாக்டர், அங்கே கரண்ட் வைக்கிறீர்களாமே, அது பாவமில்லையா?" இரக்கத்தினால் கேட்கப்படும் கேள்வி அது. ஆகவே இன்று அதற்கே பதில் சொல்ல விரும்புகிறேன். நன்மைகளை மட்டும் அல்ல, ஆராய்ச்சிகள் காட்டியிருக்கும் குறைகளையும் சொல்லுகிறேன். கொடுக்கிறவர்கள் முழு உண்மையையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இந்தச் சிகிச்சை யாருக்கு? வருத்தப்படுகிற எல்லாருக்கும் அல்ல. இழப்பு வந்தால் துக்கம் வரும், நாளடைவில் அது ஆறும். லேசான மனச்சோர்வு பேச்சினாலும் ஆலோசனையினாலும் மாத்திரையினாலும் குணமாகும். நான் சொல்லுவது வேறு நிலை. நோயாளி பல நாட்களாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வர நெடுநேரம் ஆகிறது, அல்லது வருவதேயில்லை. "என் குடல் அழுகிவிட்டது", "நான் செய்த பாவத்தால்தான் ஊரில் மழை இல்லை" என்று உறுதியாக நம்புகிறார். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு நிமிடமும் விலகுவதில்லை. சில வேளைகளில் அவர் பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன தாயாக இருக்கிறார். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அத்தனை வாரங்கள் இவர்களால் காத்திருக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கும், பல மருந்துகளைக் கொடுத்தும் தேறாதவர்களுக்குமே ஈ.சி.டி. என்று நாங்கள் சொல்லும் இந்தச் சிகிச்சையை யோசிக்கிறோம்.

இரண்டாவது, மக்களுடைய பயம் எங்கிருந்து வந்தது? அது வெறும் கற்பனை அல்ல. 1934ல் ஹங்கேரி நாட்டில் மெடூனா என்ற மருத்துவர், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குக் கற்பூர ஊசியினால் வலிப்பை உண்டாக்கிப் பார்த்தார். 1938ல் ரோமாபுரியில் செர்லெட்டி, பீனி என்ற இருவர் ஊசிக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த நாட்களில் மயக்க மருந்து கிடையாது. உடல் முழுவதும் உதறும், ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். பல் உடையும், முதுகெலும்பு முறிவதும் உண்டு. சினிமாக்காரர்கள் இன்றும் காட்டுவது அந்தக் காட்சியைத்தான்.

நம் நாட்டில் மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்கள் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை ஆராய்ந்து, எலும்பு முறிவுகள் உட்பட அதன் பின்விளைவுகளை 1993ல் வெளிப்படையாகவே பிரசுரித்தார்கள். இன்று அந்த முறைக்கே இடமில்லை. 2017ம் ஆண்டு இயற்றப்பட்டு 2018ல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்துவிட்டது.

இப்பொழுது நடப்பதைச் சொல்லுகிறேன். நோயாளி வெறும் வயிற்றோடு வருகிறார். மயக்க மருந்து மருத்துவர் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறார். பின்பு தசைகளைத் தளர்த்தும் மருந்து போகிறது. பிராணவாயு கொடுக்கப்படுகிறது. பற்களுக்கிடையில் ஒரு ரப்பர் அடை வைக்கிறோம். தலையில் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் செலுத்தப்படுகிறது. மூளையில் ஒரு வலிப்பு உண்டாகிறது. அது பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் நின்றுவிடும். உடல் உதறுவதில்லை. ஒரு பாதத்திற்கு மட்டும் தளர்த்தும் மருந்து போகாதபடி இரத்த அழுத்தப் பட்டையால் இறுக்கி வைத்திருப்போம். அந்தப் பாதம் துடிப்பதைப் பார்த்தே வலிப்பு வந்தது என்று அறிந்துகொள்கிறோம். சில நிமிடங்களில் அவர் விழிக்கிறார். தலைவலியும் கொஞ்ச நேரம் குழப்பமும் இருக்கலாம். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, ஆறு முதல் பன்னிரண்டு முறை கொடுப்பது வழக்கம். பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு லட்சம் முறை கொடுத்தால் உயிரிழப்பு ஏறக்குறைய இரண்டு.

மூன்றாவது, இது உண்மையிலேயே குணமாக்குகிறதா? மயக்க மருந்தும் நர்சுகளின் கவனிப்புமே போதுமா, மின்சாரம் தேவைதானா என்று இங்கிலாந்து மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. லண்டனை அடுத்த நார்த்விக் பார்க் மருத்துவமனையில் 70 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் மயக்க மருந்து உண்டு. ஒரு குழுவுக்கு மட்டுமே மின்சாரம். யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைச் சோதித்து மதிப்பிட்டவருக்கும் தெரியாது. நான்கு வாரங்களில் எட்டு முறை. 1980ல் முடிவு வெளியானது. இரண்டு குழுவும் தேறியிருந்தது. மின்சாரம் பெற்ற குழு அதிகமாய்த் தேறியிருந்தது. பொய்யான நம்பிக்கைகளால் பீடிக்கப்பட்ட கடும் மனச்சோர்வு உள்ளவர்களே மிகுந்த பயன் அடைந்தார்கள் என்பது பின்னால் தெளிவாயிற்று.

2003ல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பாவனையாகக் கொடுத்த சிகிச்சையைவிட உண்மையான சிகிச்சையும், மருந்துகளைவிட ஈ.சி.டி.யும், குறுகிய காலத்திற்கு அதிகப் பலன் தந்தன. எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய ஆய்வுகள் சிறியவை, தரம் போதாதவை என்று 2019ல் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

நான்காவது, நோயாளி கொடுக்கும் விலை என்ன? ஞாபகம். சிகிச்சை நடந்த வாரங்களில் நடந்தவையும், அதற்கு முந்திய சில மாதங்களில் நடந்தவையும் மறந்துபோகலாம். பெரும்பாலோருக்கு இது படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு இழந்த நினைவுகள் திரும்புவதில்லை. மருத்துவர்கள் வெகுகாலம் இதைச் சிறிதாகவே மதித்தார்கள். 2003ல் லண்டனில் ஒரு குழு நோயாளிகளின் வாக்குமூலங்களையே திரட்டிப் பார்த்தது. இந்தச் சிகிச்சையைத் தாங்களே பெற்றவர்களும் அந்த ஆய்வுக்குழுவில் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினராவது நீங்காத ஞாபக இழப்பைச் சொல்லியிருந்தார்கள். மகளின் கல்யாணம் நினைவில் இல்லை என்று ஒரு தாய் சொன்னால், அது சிறிய காரியம் அல்ல. ஆகவே இப்பொழுது வலதுபக்கம் மட்டும் மின்சாரம் செலுத்துவது, மிகக் குறுகிய துடிப்புகளாகச் செலுத்துவது ஆகிய முறைகளால் இந்தச் சேதத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கையெழுத்து வாங்குமுன் இதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளங்கச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

ஐந்தாவதாக நான் சொல்லப்போவதை நீங்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை மனிதனைக் குழியிலிருந்து தூக்கிவிடும். மறுபடியும் விழாமல் காப்பது அதன் வேலை அல்ல. நார்த்விக் பார்க் நோயாளிகளை ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் பார்த்தபோது, இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. 2001ல் அமெரிக்காவில் சாக்கைம் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். ஈ.சி.டி.யால் குணமானவர்களை மூன்று குழுவாக்கி ஆறு மாதம் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மருந்து பெற்றவர்களில் 60 சதவீதம். அதோடு லித்தியமும் சேர்த்துப் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வார்டில் எல்லாரும் சந்தோஷப்படுகிறோம். "சாட்சி சொல்லலாம்" என்கிறார்கள். ஊருக்குப் போனதும், "குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் மாத்திரை?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். அல்லது பஸ் செலவுக்குப் பணமில்லை. லித்தியத்திற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், அது தவறுகிறது. தேறிய பின் வரும் அந்த ஆறு மாதங்களில்தான் வெற்றியோ தோல்வியோ தீர்மானமாகிறது.

புதிய மருந்து ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். நம் மிஷன் மருத்துவமனைகளின் அறுவை அறைகளில் பழக்கமான கெட்டமின் மயக்க மருந்தே மனச்சோர்வுக்கு உதவுகிறது என்று கண்டிருக்கிறார்கள். 2023ல் அமெரிக்காவில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஏறத்தாழ 400 பேரிடம் அதை ஈ.சி.டி.யோடு ஒப்பிட்டார்கள். கெட்டமின் பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும், ஈ.சி.டி. பெற்றவர்களில் 41 சதவீதம் பேரும் நன்கு தேறினார்கள். ஞாபகக் குறைவும் கெட்டமினில் குறைவு. ஆனால் பொய்யான நம்பிக்கைகளோடு கூடிய மிகக் கடுமையான நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஈ.சி.டி.யின் இடம் மாறவில்லை. தேறியவர்களில் பலருக்கு ஆறு மாதத்திற்குள் நோய் திரும்பியது இரண்டு குழுவிலும் உண்டு.

எலியா தீர்க்கதரிசியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். கர்மேலில் பெரிய வெற்றி கண்டவர், வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக வேண்டும் என்றார். தூதன் வந்து அவருடைய விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் சலித்துப் போகாமல் இரண்டாந்தரமும் வந்தான். வழிப்பயணம் இன்னும் வெகுதூரம் என்பது அவனுக்குத் தெரியும். நாம் பெரும்பாலும் முதல்தரம் போகிறோம், இரண்டாந்தரம் போவதில்லை.

உங்கள் சபையில் ஒருவர் சாப்பாட்டையும் பேச்சையும் விட்டு ஒதுங்கினால் ஜெபியுங்கள், அன்றைக்கே மருத்துவரிடமும் அழைத்து வாருங்கள். ஈ.சி.டி. தேவை என்று சொன்னால் பயந்து ஓடாமல், என்ன செய்வீர்கள், ஞாபகம் என்னவாகும், பிறகு என்ன மருந்து என்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் வீடு திரும்பியபின் ஆறு மாதம் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக் கதவைத் தட்டட்டும். மாத்திரை இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, அடுத்த பரிசோதனை எப்போது என்று விசாரிக்கட்டும். அவருக்கு ஏதாவது மறந்துபோயிருந்தால் சிரிக்காமல், பொறுமையாக நினைவுபடுத்தட்டும்.