கூலி கொடுக்கும் கை

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் அருளும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறிச் சென்ற நம் முன்னோர்களில் பலர் அங்கே பிறரிடம் கூலி பெற்று வாழ்ந்தவர்கள். இன்று அவர்களுடைய வழித்தோன்றல்களில் கடை முதலாளிகள் இருக்கின்றனர். வீட்டில் பணிப்பெண் வைத்திருக்கும் குடும்பத்தினரும் இருக்கின்றனர். கூலி வாங்கிய கை கூலி கொடுக்கும் கையாக உயர்ந்தது அல்லாஹ்வின் அருட்கொடை. ஒவ்வோர் அருட்கொடை பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு.

அடைக்கலம் தேடி மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களை அங்கிருந்த பெரியவர் ஒருவர் வேலைக்கு அமர்த்திய வரலாற்றைத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. தம் மகளை மணமுடித்துத் தருவதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். சிரமம் தரும் எண்ணம் தமக்கில்லை என்ற உறுதியையும் அப்பெரியவரே அளித்தார். சிந்தித்துப் பாருங்கள்! ஊரும் உறவும் இன்றி நின்றவருடைய இயலாமையை அவர் தமக்கு ஆதாயமாக்கிக் கொள்ளவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே தெளிவாகப் பேசினார்.

இந்தத் தெளிவைத்தான் சிங்கப்பூரின் சட்டமும் கோருகிறது. வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதத்திற்கு ஒருமுறையேனும், சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மிகைநேர ஊதியத்தை 14 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். 2016 ஏப்ரல் முதல், வேலையின் முக்கிய நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பதும் விவரமான சம்பளச் சீட்டு வழங்குவதும் கட்டாயம். கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தில் பணிக்கப்பட்ட நமக்கு இது புதிய பாடமன்று.

இல்லப் பணிப்பெண்கள் அச்சட்டத்தில் அடங்குவதில்லை. அவர்களுக்கு வெளிநாட்டு ஊழியருக்கான தனிச் சட்டம் உண்டு. உணவும் உறைவிடமும் மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பு. அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வையை அவர்களுடைய சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். 2019 முதல், பணிப்பெண்ணே கேட்டுக்கொண்டாலும் அவருடைய பணத்தை முதலாளி வாங்கி வைத்திருக்கக் கூடாது. வார ஓய்வுநாள் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அவர் சம்மதித்தால் அதற்குப் பதிலாகப் பணம் தரலாம். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்திற்கு ஈடாக்க வழியில்லை. அன்று ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும்.

சம்மதித்த பிறகும் ஏன் இந்தத் தடை? "அவளே ஒப்புக்கொண்டாள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவள், வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியவள், முதலாளியின் முகத்தைப் பார்த்து முடியாதென்று சொல்வாளா? அச்சத்தில் அசைந்த தலையைச் சம்மதம் என்று கணக்கெழுதலாமா? அதிகாரியிடம் அக்கணக்கு செல்லுபடியாகலாம். உள்ளங்களை அறிந்தவனிடம் செல்லுமா?

வேலையாளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமை நாளில் தானே எதிராளியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். புகாரீயில் பதிவான அந்த அறிவிப்பு, வேலையாள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்று பிரித்துப் பேசவில்லை. தாம் உண்பதையே பணியாளருக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறிய சுமையைத் தந்தால் தாமும் உதவ வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. நம் மார்க்கம் கேட்பது அதனினும் மேலானது.

ஆகவே சகோதரர்களே, தாய்மார்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். சென்ற மாதத்துக் கூலி எதுவும் நிலுவையில் உள்ளதா? யாருடைய கடவுச்சீட்டாவது நம் அலமாரியில் உறங்குகிறதா? இருந்தால் இன்றே உரியவரிடம் ஒப்படையுங்கள். அது அவருக்கு நாம் காட்டும் தயவன்று. நம் கையில் இருக்கும் அவருடைய அமானிதம்.

பிறர் வியர்வையின் கடனோடு தன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் காப்பாற்றுவானாக! ஆமீன்.